ஒற்றைப் பலகைக் கணினிக் கிட்டில் மேசைக் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலி, நினைவகம், இணைப்பு முனைகள் எல்லாம் உள்ளங்கை அளவுள்ள ஒரே பலகையில் அடங்கியிருந்தால் அது ஒற்றைப் பலகைக் கணினி. அதனுடன் பெட்டி, அடாப்டர், கேபிள், மெமரி கார்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பதைக் கிட் என்கிறோம். கீழே உள்ள பதில்கள் ராஸ்பெர்ரி பை 4, 5 ஆகிய மாடல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதிதாகத் தொடங்குபவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பவை அவைதான்.

செயலி எத்தனை வேகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கணினி நிம்மதியாக ஓடுமா, தினமும் தொல்லை கொடுக்குமா என்பதை முடிவுசெய்பவை வேறு இரண்டு பொருள்கள்: மின்சாரம் தரும் அடாப்டர், தரவு தங்கும் கார்டு அல்லது எஸ்.எஸ்.டி. (கார்டைவிட வேகமான சேமிப்புக் கருவி). அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கிட்டில் என்னென்ன இருக்கும்? நான் தனியாக எதை வாங்க வேண்டும்?

போர்டு, பெட்டி, அடாப்டர், மைக்ரோ எஸ்டி கார்டு, மைக்ரோ எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆகியவை பெரும்பாலான கிட்களில் இருக்கும். சிலவற்றில் கீபோர்டும் மவுஸும் சேர்ந்தே வரும். மானிட்டர் அநேகமாக எதிலும் இருக்காது. எச்.டி.எம்.ஐ. உள்ள எந்த மானிட்டரும் தொலைக்காட்சியும் போதும்.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கேபிளின் ஒரு முனை மைக்ரோ எச்.டி.எம்.ஐ. தானா? மினி எச்.டி.எம்.ஐ. என்பது வேறு அளவு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி வாங்கிவிடுபவர்கள் பலர். வெப்பத்தைத் தணிக்கும் ஹீட் சிங்க் அல்லது மின்விசிறி உள்ளே இருக்கிறதா? பை 5 வாங்குகிறீர்கள் என்றால், அது இல்லாத கிட்டை மேசைக் கணினிக்கு ஏற்ற கிட் என்று சொல்ல மாட்டேன்.

இதை உண்மையாகவே அன்றாடக் கணினியாகப் பயன்படுத்த முடியுமா?

முடியும். இணையம், மின்னஞ்சல், ஆவணங்கள், கணக்குத் தாள்கள், நிரலெழுதக் கற்பது, பாட்டு, படம் பார்ப்பது ஆகியவற்றுக்கு பை 5 தாராளமாகப் போதும். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள நான்கு கோர் செயலி இருக்கிறது. பை 4 இந்த வேலைகளையெல்லாம் செய்யும். பிரவுசரில் பல பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்குவது தெரியும்.

இதற்கு ஏற்காத வேலைகளும் உண்டு. பெரிய காணொளிகளைத் தொகுப்பது, புதிய முப்பரிமாண விளையாட்டுகள், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் ஆகியவற்றுக்காக இதை வாங்காதீர்கள். காணொளி விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் மிகப் பரவலாக உள்ள எச்.264 வடிவக் காணொளியை விரிப்பதற்குப் பை 4 சிப்பில் தனிச் சுற்று இருக்கிறது. பை 5 இல் அது கிடையாது. அந்த வேலையைச் செயலியே செய்கிறது. செயலி வேகமானது என்பதால் சாதாரண உயர்தெளிவுப் படங்களில் வித்தியாசம் தெரியாது, விசிறி மட்டும் கொஞ்சம் சுற்றும்.

எத்தனை ஜி.பி. ராம் எடுப்பது?

ராமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட வழியில்லை, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். மேசைக் கணினிக்கு 4 ஜி.பி. குறைந்தபட்சம், 8 ஜி.பி. இருந்தால் பிரவுசரில் எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 1 ஜி.பி., 2 ஜி.பி. போர்டுகள் சிறு சர்வர், தானியங்கிக் கருவி போன்ற வேலைகளுக்கு நல்லவை. 16 ஜி.பி. பை 5 2025 ஜனவரியில் வந்தது. எதற்கு அது வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கே அது தேவை. 8 ஜி.பி. எடுத்து, மிச்சத் தொகையை எஸ்.எஸ்.டி.யில் போடுவதையே பரிந்துரைப்பேன்.

கீபோர்டுக்குள்ளேயே கணினி இருக்கும் மாடல்கள்?

2020 நவம்பரில் வந்த ராஸ்பெர்ரி பை 400, 2024 டிசம்பரில் வந்த 500 ஆகியவை அப்படிப்பட்டவை. கூட்டுவதற்கு எதுவும் இல்லை, செருகினால் ஓடும். கணினி மட்டும் போதும், கட்டும் அனுபவம் வேண்டாம் என்பவர்களுக்கு அவை மிகச் சரியான தேர்வு.

கைப்பேசி சார்ஜரையே போட்டுக்கொள்ளலாமா? முனை ஒன்றாகத்தானே இருக்கிறது?

முனை ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு.

பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கிடைத்தால்தான் அது முழு பலத்தில் இயங்கும். இப்போது உங்கள் மடிக்கணினியின் 65 வாட் சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 65 வாட் என்பது 25 வாட்டைவிட எவ்வளவோ அதிகம், தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தச் சார்ஜர் வோல்ட்டை 9, 15, 20 என்று ஏற்றித்தான் அந்த 65 வாட்டை எட்டுகிறது. 5 வோல்ட்டில் அது தருவது வழக்கமாக 3 ஆம்பியர் மட்டுமே. பை 5 உயர்ந்த வோல்ட்டைக் கேட்பதே இல்லை. அதனால் அதற்குக் கிடைப்பது 15 வாட்.

அப்படி இணைத்தால் போர்டு எரிந்துவிடாது, ஓடவும் செய்யும். ஆனால் யு.எஸ்.பி. முனைகள் நான்குக்கும் சேர்த்து 1.6 ஆம்பியர் கொடுக்க வேண்டிய பை 5, அதை 0.6 ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளும். கீபோர்டும் மவுஸும் வேலை செய்யும். வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் அது எழுவதும் விழுவதுமாக இருக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றுபவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது சார்ஜர்.

சார்ஜர் சரியாக இருந்து கேபிள் மெல்லியதாக இருந்தாலும் இதே கதைதான். நீளமான, மெல்லிய கம்பியில் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். அடாப்டரோடு நிரந்தரமாகக் கேபிள் பொருத்தப்பட்ட வகை நல்லது என்பதற்கு இதுவே காரணம். போர்டைத் தயாரித்தவர்களே விற்கும் அடாப்டரை வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் பிறகு வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

பழைய பை 4 போர்டு கைமாறி உங்களிடம் வந்திருந்தால் இதையும் கவனியுங்கள்: 2019 இல் வந்த முதல் பதிப்பின் யு.எஸ்.பி. சி முனையில் வடிவமைப்புப் பிழை ஒன்று இருந்தது. உள்ளே சிப் வைத்த உயர்ரகக் கேபிளைப் போட்டால் அந்தப் போர்டுக்கு மின்சாரமே வராது. சாதாரணக் கேபிளில் ஓடும். பின்னால் வந்த பதிப்புகளில் இதைத் திருத்திவிட்டார்கள்.

திரை மூலையில் மின்னல் குறி வருகிறதே?

மேலே சொன்னதன் அறிவிப்புதான் அது. போர்டுக்கு வரும் மின்சாரம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை வரும், செயலியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எப்போதோ ஒரு முறை வந்தாலும் அலட்சியம் வேண்டாம். மின்சாரம் இறங்கும் அந்த நொடியில் கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு சிதையக்கூடும்.

மெமரி கார்டு போதுமா, எஸ்.எஸ்.டி. வேண்டுமா?

தொடங்குவதற்குக் கார்டு போதும். தினமும் மணிக்கணக்கில் உட்காரப்போகிறீர்கள் என்றால் எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள்.

காரணம் இதுதான். மேசைக் கணினி செய்வது பெரிய கோப்புகளை வரிசையாகப் படிக்கும் வேலை அன்று. பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை ஆங்காங்கே எழுதவும் படிக்கவும் செய்கிறது. மெமரி கார்டு கேமராவுக்காகப் பிறந்தது. ஒரே நீளமான படத்தை இடைவிடாமல் எழுதுவதில் கெட்டி, சிதறிய சிறு வேலைகளில் தடுமாறும். கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'நொடிக்கு இத்தனை மெகாபைட்' என்ற எண் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பார்க்க வேண்டிய குறி ஏ1 என்பது. நொடிக்குக் குறைந்தது 1500 சிதறிய படிப்புகளும் 500 சிதறிய எழுதல்களும் முடியும் என்பதற்கான உறுதி அது. ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் அந்த வேகம் முழுதாகக் கிடைக்கப் போர்டின் ஒத்துழைப்பும் வேண்டும். 32 ஜி.பி. ஏ1 கார்டு ஒன்று தொடங்கப் போதுமானது.

போலிக் கார்டுகள் சந்தையில் ஏராளம். 128 ஜி.பி. என்று காட்டும், உள்ளே 16 தான் இருக்கும். நிரம்பும்வரை தெரியாது, நிரம்பியதும் பழைய கோப்புகள் மேலேயே புதியவை எழுதப்படும். தெரிந்த நிறுவனத்தின் கார்டை நம்பகமான கடையில் வாங்குவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

எஸ்.எஸ்.டி. போடுவதில் இரண்டு பாதைகள். பை 4 இல் நீல நிற யு.எஸ்.பி. 3 முனையில் அடாப்டர் வழியாக இணைக்கலாம். பை 5 இலும் அது நடக்கும், அதோடு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற வேகமான தரவு இணைப்பு ஒன்றும் போர்டின் ஓரத்தில் இருக்கிறது. அதில் தட்டையான ரிப்பன் கேபிள் வழியாக எம்.2 பலகையைப் பொருத்தி, பட்டை வடிவில் வரும் என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யை மாட்டலாம். ராஸ்பெர்ரி பையின் சொந்தப் பலகை 2230, 2242 ஆகிய குட்டை அளவுகளை மட்டுமே ஏற்கும். மடிக்கணினியிலிருந்து கழற்றிய நீளமான 2280 அதில் பொருந்தாது. அதற்கு மற்ற நிறுவனங்களின் பலகைகள் இருக்கின்றன. யு.எஸ்.பி. அடாப்டர்களில் சில இந்தப் போர்டுகளோடு ஒத்துப்போவதில்லை. வாங்குமுன் அந்த மாடலை பையோடு பயன்படுத்தியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

எந்த வரிசையில் கூட்ட வேண்டும்?

மின்சாரத்தைக் கடைசியாக இணைக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பலர் சொல்லாமல் விடுவது இன்னொன்று: கார்டு வெளியே இருக்கும்போதுதான் போர்டைப் பெட்டிக்குள் வைக்கவும் எடுக்கவும் வேண்டும். கார்டின் விளிம்பு போர்டுக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும். செருகிய நிலையில் போர்டைப் பெட்டிக்குள் அழுத்தினால் கார்டு முறியும், சில சமயம் அது இருக்கும் கூடும் பெயர்ந்துவிடும். கார்டு போனால் வேறு வாங்கலாம். கூடு பெயர்ந்தால் பற்றவைக்கும் கை வேண்டும்.

ஆகவே முதலில் ஹீட் சிங்க் அல்லது விசிறியைப் போர்டில் பொருத்துங்கள். விசிறியின் கம்பியை அதன் இடத்தில் செருகுங்கள். பை 5 இல் அதற்கென நான்கு பின் உள்ள சிறு இணைப்பு இருக்கிறது. அதன்மேல் ஒரு மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். பை 4-க்கு வரும் இரண்டு கம்பி விசிறிகளை, போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் 40 பின்களில் செருக வேண்டும்: சிவப்பு 4ஆம் பின்னிலும் கறுப்பு 6ஆம் பின்னிலும் போகும். பின்களை எண்ணும்போது அவசரப்படாதீர்கள். 1, 3, 5 என ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசையிலும், 2, 4, 6 என இரட்டைப்படை எண்கள் போர்டின் விளிம்பை ஒட்டிய வரிசையிலும் இருக்கும்.

அடுத்து, முனைகள் உள்ள பக்கம் முதலில் துவாரங்களில் நுழையும்படி போர்டைச் சாய்த்துப் பெட்டிக்குள் இறக்குங்கள். திருகு இருந்தால் விரல் நுனியால் இறுக்கும் அளவு போதும். பிறகு கார்டு. அது போர்டின் அடிப்பக்கம் செருகப்படுவது. தங்க நிறத் தொடர்புப் பட்டைகள் போர்டைப் பார்த்திருக்க வேண்டும், பெயர் அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும். பை 4, 5 இல் 'கிளிக்' என்ற ஓசை வராது, இந்தக் கூட்டில் ஸ்பிரிங் கிடையாது. தடை உணரும்வரை தள்ளினால் போதும். ஓசைக்காக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

அதன் பிறகு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கேபிள். எல்லாம் முடிந்த பிறகு அடாப்டர். பை 4 இல் பவர் பொத்தான் கிடையாது. மின்சாரம் வந்ததும் ஓடத் தொடங்கும். பை 5 உம் செருகியவுடன் தானே எழும். அணைத்த பிறகு மறுபடி எழுப்பப் பொத்தான் உதவும்.

நிலைமின்சாரம் போர்டைக் கெடுத்துவிடுமா?

கெடுக்கலாம். மணிக்கட்டுப் பட்டையெல்லாம் இல்லாமலே சமாளிக்கலாம்: உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், கம்பளத்தின் மேல் உட்கார்ந்து கூட்டாதீர்கள், போர்டை விளிம்பில் பிடியுங்கள்.

ஹீட் சிங்க் போடும்போது கவனிக்க வேண்டியது?

ஒட்டும் பட்டையின் மேலுள்ள காகிதத்தையோ மெல்லிய பிளாஸ்டிக்கையோ உரித்தீர்களா என்று பாருங்கள். உரிக்காமல் ஒட்டினால் ஹீட் சிங்க் இருந்தும் பயனில்லை. பை 5-க்கான 'ஆக்டிவ் கூலர்' (ஹீட் சிங்க்கும் விசிறியும் சேர்ந்தது) இரண்டு ஸ்பிரிங் ஊசிகளால் போர்டின் துளைகளில் பிடித்துக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளில் உள்ள அந்த ஊசிகளைச் சமமாக அழுத்துங்கள். ஒருமுறை பொருத்தியதைக் கழற்றுவது நல்லதல்ல. ஊசியும் பட்டையும் பலம் இழக்கும்.

செயலியின் வெப்பம் 80 பாகை செல்சியஸை எட்டும்போது போர்டு தானாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். பை 5 இன் விசிறி 50 பாகையில் மெல்லச் சுழல ஆரம்பித்து, 75 பாகையில் முழு வேகத்தை எட்டும். சும்மா இருக்கும்போது விசிறி நின்றிருந்தால் அது கெட்டுவிடவில்லை. வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

இயங்குதளத்தைக் கார்டில் எழுதுவது எப்படி?

சில கிட்களில் எழுதப்பட்ட கார்டே வரும். அப்படி வந்தாலும் புதிதாக எழுதிக்கொள்வது நல்லது. பெட்டிக்குள் எவ்வளவு காலம் கிடந்ததோ தெரியாது.

'ராஸ்பெர்ரி பை இமேஜர்' என்ற இலவச நிரல் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எந்த மாடல், எந்த இயங்குதளம், எந்தக் கார்டு என்று அது கேட்கும். மூன்றாவது கேள்வியில் நிதானம் வேண்டும். தேர்ந்தெடுக்கும் சாதனத்தில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அந்த நேரத்தில் வேறு பென் டிரைவோ வெளி டிஸ்க்கோ செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இயங்குதளத்தில் 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2020 வரை இதன் பெயர் ராஸ்பியன். பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம்.

எழுதும் முன் பயனர் பெயர், கடவுச்சொல், வை-ஃபை விவரம் ஆகியவற்றைக் கொடுக்க இமேஜர் இடம் தரும். இங்கேயே கொடுத்துவிட்டால் முதல் முறை இயக்கும்போது வேலை குறையும். 'பை' என்ற பயனர் பெயரும் எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல்லும் முன்பு தானாக இருந்தன. 2022 ஏப்ரலில் பாதுகாப்புக்காக அதை நீக்கிவிட்டார்கள். பழைய கட்டுரையைப் பார்த்து அந்தக் கடவுச்சொல்லைப் போட்டு 'உள்ளே விட மறுக்கிறது' என்று தவிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

எழுதி முடித்ததும் சரிபார்க்கும் கட்டம் வரும். பொறுமையிழந்து அதைத் தவிர்க்காதீர்கள். மோசமான கார்டு அங்கேயே பிடிபடும். முடிந்த பிறகு விண்டோஸ் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கலாம். கார்டில் உள்ள லினக்ஸ் பகுதியை அதற்குப் படிக்கத் தெரியாததால் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கார்டை எடுங்கள்.

என்னிடம் வேறு கணினியே இல்லை. எப்படி எழுதுவது?

பை 4, 400, 5 ஆகியவற்றில் வலைவழி நிறுவல் வசதி இருக்கிறது. வெற்றுக் கார்டைச் செருகி, ரௌட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளை இணைத்து, கீபோர்டில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி இயக்குங்கள். இமேஜர் இணையத்திலிருந்து இறங்கித் திரையில் வரும். இதற்குக் கேபிள் இணைப்பு வேண்டும், வை-ஃபை உதவாது. பழைய பை 4 போர்டுகளில் பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல்) பழையதாக இருந்தால் இந்த வசதி வராது.

இயக்கினேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. போர்டு கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. பதறாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

போர்டில் எல்.இ.டி. விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் மின்சாரமே வரவில்லை. அடாப்டர், கேபிள், சுவிட்ச். பை 5 இல் விளக்கு சிவப்பாக நின்றால் போர்டு அணைந்த நிலையில் இருக்கிறது, பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பை 4 இல் சிவப்பு என்பது மின்சாரம் வருவதற்கான அடையாளம். அருகிலுள்ள பச்சை விளக்கு கார்டைப் படிக்கும்போது மினுக்கும். சிவப்பு மட்டும் எரிந்து, பச்சை மினுக்கவே இல்லை என்றால் சந்தேகம் கார்டின் மேல். பச்சை ஒழுங்கான தாளத்தில் திரும்பத் திரும்ப மினுக்கினால் அது பிழைக் குறியீடு. எத்தனை மினுக்கு என்று எண்ணி, தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடலாம்.

விளக்குகள் சரியாக மினுக்குகின்றன, படம் மட்டும் வரவில்லை என்றால் கேபிளை மற்ற முனைக்கு மாற்றுங்கள். இரண்டு மைக்ரோ எச்.டி.எம்.ஐ. முனைகளில் மின்சார முனையை ஒட்டி இருப்பதே முதன்மையானது. ஒரு மானிட்டர்தான் என்றால் அதில்தான் செருக வேண்டும். மைக்ரோ முனை இறுக்கமாக இருப்பதால் பாதி மட்டும் நுழைந்து நிற்பதும் உண்டு. பெட்டியின் துவாரம் குறுகலாக இருந்து கேபிளின் தலை முழுதாக நுழைய விடாமல் தடுக்கிறதா என்றும் பாருங்கள். மானிட்டரில் சரியான உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? மானிட்டரை முதலில் எழுப்பிவிட்டுப் பிறகு போர்டை இயக்கிப் பாருங்கள்.

இன்னும் வரவில்லை என்றால் கார்டை எடுத்துவிட்டுப் போர்டை மட்டும் இயக்குங்கள். பை 4, 5 இரண்டிலும் கார்டு இல்லாமலே பூட்லோடரின் தகவல் திரை ஒன்று தோன்ற வேண்டும். அது தோன்றினால் போர்டு, மானிட்டர், கேபிள் மூன்றும் நலம், குற்றவாளி கார்டு. அதை மறுபடி எழுதுங்கள், முடிந்தால் வேறு கார்டில். இந்த ஒரு சோதனை எத்தனையோ பேருக்குப் போர்டைத் திருப்பி அனுப்பும் அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஒலி வரவில்லை.

பை 5 இல் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் துளை கிடையாது. எச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர், ப்ளூடூத், யு.எஸ்.பி. ஒலி அடாப்டர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் வழி. பை 4 இல் துளை உண்டு. எதுவானாலும் திரையின் மேல்பட்டையில் உள்ள ஒலிக் குறியை வலது சொடுக்கி, ஒலி எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

வை-ஃபை கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விட்டுவிட்டு வருகிறது.

கிடைக்கவே இல்லை என்றால் நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். எந்த அலைவரிசைகள் அனுமதிக்கப்பட்டவை என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் நாடு தெரியாதவரை இயங்குதளம் வை-ஃபையை முடக்கியே வைத்திருக்கும்.

விட்டுவிட்டு வந்தால், யு.எஸ்.பி. 3 முனையில் டிஸ்க் ஏதும் செருகியிருக்கிறதா? அந்த முனைகளிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபைக்கு மாறுங்கள், அல்லது குட்டைக் கேபிள் ஒன்றால் டிஸ்க்கைப் போர்டிலிருந்து தள்ளி வையுங்கள். கம்பியில்லாக் கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றின் சிறு ரிசீவரைக் கறுப்பு நிற யு.எஸ்.பி. 2 முனையில் செருகுவதும் இதே காரணத்துக்காகத்தான். உலோகப் பெட்டியும் சிக்னலைக் குறைக்கும்.

கீபோர்டில் மின்னஞ்சல் குறியை அழுத்தினால் மேற்கோள் குறி வருகிறது!

ராஸ்பெர்ரி பை பிரிட்டனில் பிறந்தது. கீபோர்டு அமைப்பும் முன்னிருப்பாகப் பிரிட்டிஷ் முறையில் இருக்கும். அதில் இந்த இரண்டு குறிகளும் இடம் மாறியிருக்கும். எண் 3-க்கு மேலே பவுண்டு குறி வரும். முதல் அமைப்பின்போது 'அமெரிக்கக் கீபோர்டு' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். கடவுச்சொல் வைக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். குறிகள் உள்ள கடவுச்சொல்லைத் தவறான அமைப்பில் வைத்துவிட்டு, அமைப்பைத் திருத்திய பிறகு உள்ளே போக முடியாமல் நிற்க நேரிடும்.

தமிழில் படிக்கவும் எழுதவும் என்ன செய்ய வேண்டும்?

எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். மென்பொருள் சேர்க்கும் நிரலைத் திறந்து 'நோட்டோ' அல்லது 'லோஹித் தமிழ்' எழுத்துருத் தொகுப்பைத் தேடி நிறுவுங்கள்.

தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்.சி.ஐ.டி.எக்ஸ். 5 என்ற உள்ளீட்டுச் சட்டகத்தையும், அதற்குரிய எம்17என் என்ற பன்மொழித் தட்டச்சு முறைகளின் தொகுப்பையும் நிறுவ வேண்டும். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி அமைப்பு எல்லாம் அதில் கிடைக்கும். நிறுவிய பின் ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். கீபோர்டு அமைப்புப் பட்டியலிலேயே தமிழ்99 என்று ஒன்று தென்படும். ஆனால் மெய்யும் உயிரும் சேரும் விதிகளும், தானாகப் புள்ளி விழும் வசதியும் சரியாக வேண்டுமென்றால் எம்17என் வழியே நல்லது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தமிழ் ஆவணங்கள் அழகாகவே வருகின்றன. இவ்வளவு சிறிய பலகையில் ஒரு முழுத் தமிழ் எழுத்துமேசை அமைவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம்.

விண்டோஸ் நிரல்கள் ஓடுமா?

நேரடியாக ஓடாது. இயங்குதளமும் வேறு, செயலியின் குடும்பமும் வேறு: இது ஏ.ஆர்.எம். வகை. மொழிபெயர்க்கும் இடைநிரல்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி அன்றாட வேலையை வைக்காதீர்கள். உங்களுக்குத் தேவையான நிரலுக்கு லினக்ஸ் மாற்று இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

கேபிளைப் பிடுங்கி அணைக்கலாமா?

கூடாது. மெனுவிலிருந்து 'ஷட் டவுன்' கொடுங்கள். பச்சை விளக்கு அடங்கிய பிறகு பிடுங்கலாம். பை 5 இல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அணைக்கும் மெனு வரும், அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் ஒழுங்காக அணையும், நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் வலுக்கட்டாயமாக அணையும். கடைசியது கேபிளைப் பிடுங்குவதற்குச் சமம்.

ஒவ்வொரு முறையும் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.

பை 4 இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. இணையம் கிடைத்ததும் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். பை 5 இல் கடிகாரச் சுற்று உண்டு. அதற்கான சிறு பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினிக்கு இது அவசியமில்லை.

போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் 40 பின்கள் எதற்கு? தொட்டால் ஆபத்தா?

விளக்கு, சென்சார், மோட்டார் சுற்று ஆகியவற்றை இணைத்து நிரலால் இயக்குவதற்கு. உங்களுக்கு ஆபத்தில்லை, போர்டுக்குத்தான் ஆபத்து. சிக்னல் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். அதே வரிசையில் 2, 4 ஆகிய பின்களில் 5 வோல்ட் இருக்கிறது. ஒரு திருகாணி தவறி விழுந்து இரண்டையும் தொட்டால்கூடப் போர்டு போய்விடலாம். மேசைக் கணினியாக மட்டும் பயன்படுத்தும்போது பெட்டியை மூடியே வையுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து இதில் விளக்கு எரியவைத்துப் பார்க்க விரும்பினால், அதற்கு வேறொரு கார்டில் தனி இயங்குதளம் எழுதிக்கொள்ளுங்கள். கார்டை மாற்றினால் போதும், உங்கள் ஆவணங்களுக்கு எதுவும் நேராது. இந்த வசதி சாதாரண மேசைக் கணினியில் கிடைக்காத ஒன்று.

வேறு நிறுவனங்களின் போர்டுகள் இதைவிட வேகமானவை என்கிறார்களே?

சில வேகமானவைதான். ஆரஞ்சு பை 5, ராக் 5பி போன்றவற்றில் உள்ள ஆர்.கே.3588 குடும்பச் சிப்பில் எட்டுக் கோர்கள் இருக்கின்றன. ஆனால் போர்டு வந்து ஐந்தாண்டுகள் கழித்தும் அதற்கு இயங்குதளம் புதுப்பிக்கப்படுமா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. 2012 இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பைக்குக்கூட இயங்குதளப் புதுப்பிப்புகள் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. ஆர்ம்பியன் என்ற திட்டம் மற்றப் போர்டுகள் பலவற்றுக்கும் லினக்ஸைத் தருகிறது. வாங்க நினைக்கும் போர்டு அதன் பட்டியலில் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கார்டு திடீரென்று கெட்டால் எல்லாம் போய்விடுமா?

நகல் இல்லையென்றால் போய்விடும். மெனுவின் துணைக்கருவிகள் பகுதியில் 'எஸ்டி கார்டு காப்பியர்' என்ற நிரல் இருக்கிறது. யு.எஸ்.பி. கார்டு ரீடரில் இன்னொரு கார்டைச் செருகி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே அதில் நகலெடுக்கலாம். எல்லாம் நன்றாக அமைந்த நாளிலேயே ஒரு நகல் எடுத்து, அதில் தேதி எழுதி வையுங்கள். கார்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதற்கும் இதே நிரல்தான். நகலெடுத்து, கணினியை அணைத்து, கார்டை எடுத்துவிட்டு இயக்கினால் எஸ்.எஸ்.டி.யிலிருந்து எழும். எழவில்லை என்றால் பூட் வரிசையில் (எந்தச் சாதனத்திலிருந்து முதலில் எழுவது என்ற பட்டியலில்) அதைச் சேர்க்க வேண்டும். பழைய கார்டைத் திரும்பச் செருகி, அமைப்பு நிரலில் அதை மாற்றிக்கொள்ளலாம்.